பழ ஈயின் செட்டை தன் அளவை எப்படி அறிகிறது? இழைய வளர்ச்சியின் பரம்பரையலகுக் கட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் உயர்தர உயிரியல் கற்கும் மாணவரும், அவர்களுக்குக் கற்பிப்போரும், சில வேளைகளில் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. கலைச்சொற்கள் எமது பாடநூல்களில் வழங்கும் முறையிலேயே கையாளப்பட்டுள்ளன.

தோட்டத்தில் பாகலையும் புடோலையும் பழுதாக்கும் பழ ஈயும் ஆய்வுகூடத்துப் பழ ஈயும் ஒன்றா?

அல்ல. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ தோட்டக்காரர் ஒருவர் பழ ஈ என்று சொன்னால், அவர் பாகல், புடோல், பீர்க்கு, மா ஆகியவற்றின் காயைக் குத்தி உள்ளே முட்டையிடும் ஈயையே குறிக்கிறார். அது ஏறக்குறைய வீட்டு ஈயின் பருமன் உடையது. தெபிரிடிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் டுரோசோபிலா மெலனோகாஸ்ரர் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளமான, செந்நிறக் கண்களையுடைய சிற்றீயாகும். அது நல்ல காயைத் துளைப்பதில்லை. நொதிக்கத் தொடங்கிய பழத்தையும் அதில் பெருகும் மதுவத்தையுமே நாடுகிறது. கள்ளு முட்டியின் வாயிலும், காட்டிலிருந்து கொண்டுவந்து ஓரிரு நாள் வைத்திருந்த பாலைப்பழக் கூடையிலும், குலையில் வெடித்துப்போன கதலிப் பழத்திலும் மொய்க்கும் சிற்றீக்களிடையே இதையும் இதன் நெருங்கிய உறவினங்களையும் காணலாம். மாமரத்தில் தொங்கவிடும் மெதைல் இயூஜினோல் பொறி இவற்றுள் மாங்காயைக் குத்தும் ஈயின் ஆண்களை இழுக்கும்; டுரோசோபிலா அதை ஏறெடுத்தும் பார்க்காது.

வளர்ச்சியை ஆராய ஏன் இந்த ஈயைத் தெரிவுசெய்தார்கள்?

25 பாகை செல்சியஸில் முட்டையிலிருந்து நிறைவுடலி வரை ஏறத்தாழ 10 நாட்களே செல்கின்றன. நிறமூர்த்தங்கள் 4 சோடிகள் மட்டுமே. ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹன்ட் மோர்கன் 1910 இல் வெண்கண் விகாரத்தை (பரம்பரையலகில் நேர்ந்த மாற்றத்தை) கண்டறிந்த நாள்முதல் நூறாண்டுக்கும் மேலாகச் சேர்ந்துவந்த விகார ஈக்களின் பெருந்தொகுதி ஒன்றும் கைவசம் உண்டு. இதன் முழு மரபுத்தொகுதி 2000 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டபோது ஏறத்தாழ 13,600 பரம்பரையலகுகள் கணிக்கப்பட்டன. மனித நோய்களுடன் தொடர்புடையனவாக அறியப்பட்ட பரம்பரையலகுகளில் முக்கால் பங்களவுக்கு ஈயிலும் ஒத்த வடிவங்கள் உள்ளன.

ஆயினும் வளர்ச்சியை ஆராய்வோருக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் வேறொன்று. இந்த ஈயின் குடம்பி நான்கு நாட்களில் தன் திணிவை ஏறத்தாழ 200 மடங்காக்கி, பின்னர் சடுதியாக நிறுத்திக்கொள்கிறது. இவ்வளவு வேகமான வளர்ச்சியும் இவ்வளவு தெளிவான நிறுத்தமும் ஒரே உயிரியில் அமைவது அரிது.

குடம்பிக்குச் செட்டை இல்லை. அப்படியானால் ஈயின் செட்டை எங்கிருந்து வருகிறது?

குடம்பியின் உள்ளேயே அது மடிந்து கிடக்கிறது. உணவை விட்டுப் போத்தற் சுவரில் ஏறத் தொடங்கிய மூன்றாம் பருவக் குடம்பி ஒன்றை உப்புக்கரைசல் துளியில் இட்டு, இரண்டு ஊசிகளால் தலைப்புறத்தைப் பிரித்து, உள்ளுறை வெளியே வருமாறு புரட்டினால், பக்கவாட்டிலுள்ள சுவாசக் குழாய்களில் ஒட்டியபடி ஒளியூடுபுகவிடும் சிறு தட்டுகள் தெரியும். செட்டைக்கு இரண்டு, கண்ணுக்கும் உணர்கொம்புக்கும் சேர்த்து இரண்டு, கால்களுக்கு ஆறு என இவை உறுப்பு வாரியாகத் தனித்தனியே இருக்கின்றன. கூட்டுப்புழுப் பருவத்தில் குடம்பியின் உடலிழையங்களிற் பெரும்பாலானவை கரைந்துபோக, இந்தத் தட்டுகள் விரிந்து நிறைவுடலியின் உறுப்புகளாகின்றன.

செட்டைத் தட்டு முட்டை பொரிக்கும் வேளையில் 30 முதல் 50 வரையான கலங்களையே கொண்டிருக்கும். நான்கே நாட்களில் அது 30,000 முதல் 50,000 வரையான கலங்களாகிறது. இது ஏறத்தாழ பத்து முறை இரட்டித்தலுக்குச் சமம். பதினோராவது இரட்டித்தல் ஏன் நிகழ்வதில்லை என்பதே இந்தத் துறையின் மையக் கேள்வி. வலப்பக்கத் தட்டும் இடப்பக்கத் தட்டும் ஒன்றையொன்று தொடாமலேயே ஒரே அளவில் நின்றுவிடுகின்றன. இளந்தட்டு ஒன்றைப் பிரித்தெடுத்து நிறைவுடல் பெண் ஈயின் வயிற்றினுள் வைத்தால், அங்கும் அது வளர்ந்து ஏறத்தாழ தனக்குரிய அளவை அடைந்ததும் நின்றுவிடுகிறது. ஆகவே நிறுத்தும் அறிவுறுத்தலின் பெரும்பகுதி தட்டினுள்ளேயே இருக்கிறது என்பது தெளிவு.

கலங்களை விரைவாகப் பிரியச் செய்தால் செட்டை பெரிதாகுமா?

பெரும்பாலான மாணவர் ஆம் என்றே எதிர்பார்ப்பர். விடை இல்லை என்பதாகும். 1990களின் இறுதியில் கலப்பிரிவை இயக்கும் புரதங்களைச் செட்டைத் தட்டின் ஒரு பகுதியில் மட்டும் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். பிரிவை விரைவுபடுத்தியபோது அப்பகுதியில் அதிகமான, ஆனால் சிறிய கலங்கள் உண்டாயின. பிரிவைத் தடுத்தபோது குறைந்த எண்ணிக்கையில் பெரிய கலங்கள் உண்டாயின. இரண்டிலும் அப்பகுதியின் பரப்பு ஏறத்தாழ மாறவில்லை. உறுப்பு தன் கலங்களை எண்ணுவதில்லை, தன் மொத்தப் பருமனையே ஏதோ ஒரு வழியில் அளக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பரிசோதனை இல்லை என்பேன். கலப்பிரிவையும் வளர்ச்சியையும் ஒன்றாகக் கருதும் பழக்கம் எமது வகுப்பறைகளில் ஆழமாக வேரூன்றியிருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹிப்போ பாதை என்பது என்ன?

உறுப்பின் பருமனை மட்டுப்படுத்தும் புரதங்களின் தொடர் ஒன்று இப்பெயரால் வழங்குகிறது. இது ஒரே நாளில் கண்டறியப்பட்டதன்று. 1995 இல் இரண்டு குழுக்கள் வாட்ஸ் என்னும் பரம்பரையலகை விவரித்தன. அதை இழந்த கலங்கள் ஈயின் மேற்பரப்பில் பாலுண்ணி போன்ற திரட்சிகளை உண்டாக்கின. 2002 இல் சல்வடோரும், 2003 இல் பல குழுக்களால் ஒரே காலத்தில் ஹிப்போவும், பின்னர் மற்ஸ் என்பதும் சேர்ந்தன. இவற்றுள் எதை இழந்தாலும் விளைவு ஒன்றே: இழையம் அளவுமீறி வளர்கிறது, இறக்கவேண்டிய கலங்கள் இறப்பதில்லை. தொடரின் முடிவில் இருந்து பரம்பரையலகுகளை இயக்கும் யோர்க்கி என்னும் புரதத்தை டுவோஜியா பானின் குழு 2005 இல் அறிவித்தபோதுதான் படம் முழுமை பெற்றது.

அதன் இயக்கம் வருமாறு. ஹிப்போ ஒரு கைனேஸ் நொதியம். அதாவது வேறொரு புரதத்தில் பொசுபேற்றுக் கூட்டத்தை ஏற்றுவது. அது சல்வடோரின் துணையுடன் வாட்சில் பொசுபேற்றை ஏற்றி அதை உயிர்ப்பிக்கிறது. வாட்சும் ஒரு கைனேசே. அது மற்சின் துணையுடன் யோர்க்கியில் பொசுபேற்றை ஏற்றுகிறது. பொசுபேற்று ஏறிய யோர்க்கி, கலத்தின் கருவுக்கு வெளியேயுள்ள குழியவுருவிலேயே வேறொரு புரதத்தால் பிடித்துவைக்கப்படுகிறது. கருவினுள் செல்ல இயலாது. ஹிப்போவோ வாட்சோ செயலிழந்தால் யோர்க்கி கருவினுட் புகுந்து, ஸ்கலப்பெட் என்னும் புரதத்துடன் இணைந்து, கலப்பிரிவை முன்தள்ளும் சைக்ளின் ஈ, கலமரணத்தைத் தடுக்கும் டயப்-1, வளர்ச்சியைத் தூண்டும் பந்தம் என்னும் நுண் ஆர்.என்.ஏ. ஆகியவற்றை ஒருசேரத் தூண்டுகிறது. இரணைமடுக் குளத்தின் துருசைப்போல இத்தொடர் பெரும்பாலான நேரம் மூடியே இருக்கிறது. நீரைத் தள்ளுவதற்கு எவரும் தேவையில்லை, கதவைத் திறந்தாலே போதும். இழையம் வளர்வதற்கு விசேட காரணம் தேவை என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். வளராமல் நிற்பதற்கே இவ்வளவு புரதங்கள் ஓயாது உழைக்கின்றன என்பதே ஈ தந்த விடை.

கண்ணில் இதன் விளைவைக் கிட்டப் பார்க்கலாம். ஈயின் கூட்டுக்கண் ஏறத்தாழ 750 சிறுகண்களால் ஆனது. கூட்டுப்புழுப் பருவத்தில், சிறுகண்களுக்கு இடையிலுள்ள மேலதிகக் கலங்கள் இறந்து நீங்க, எஞ்சியவை அறுகோண ஒழுங்கில் ஒற்றை வரிசையாக நெருங்கி அமைகின்றன. ஹிப்போவை இழந்த கண்ணில் அந்த மேலதிகக் கலங்கள் இறவாமல், சிறுகண்களுக்கிடையே பல வரிசைகளாகத் தங்கிவிடுகின்றன. ஒளியை உணரும் கலங்கள் மட்டும் உரிய எண்ணிக்கையிலேயே இருக்கும்.

இந்தத் துருசை மூடச் சொல்வது யார்?

ஒருவரல்லர், பலர். அயற்கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஃபற், டாச்சஸ் என்னும் பெரும் புரதங்கள், கலத்தின் மேல்விளிம்பிலுள்ள மேர்லின், எக்ஸ்பாண்டெட், கிப்ரா, கிரம்ஸ் ஆகியவை, கலங்கள் நெருக்கப்படும்போதும் இழுபடும்போதும் மாறும் கல எலும்புச்சட்டத்தின் இழுவிசை என வெவ்வேறு மூலங்களிலிருந்து செய்திகள் ஹிப்போவுக்கும் வாட்சுக்கும் வந்து சேர்கின்றன. தட்டின் நடுவிலிருந்து பரவும் டீ.பீ.பீ., விங்லெஸ் என்னும் சமிக்ஞைப் புரதங்களும் வளர்ச்சிக்கு இன்றியமையாதவை. டீ.பீ.பீ. நடுவில் செறிந்தும் ஓரத்தில் ஐதாகியும் இருக்க, கலப்பிரிவு மாத்திரம் தட்டெங்கும் ஏறத்தாழ சீராக நிகழ்வது எவ்வாறு என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

ஒரு சில கலங்களில் மட்டும் விகாரத்தை எவ்வாறு உண்டாக்குகிறார்கள்?

வாட்ஸ் போன்ற பரம்பரையலகை உடல் முழுதும் இழந்த ஈ நிறைவுடலி ஆகுமுன்பே இறந்துவிடும். ஆகவே இந்தக் கேள்வி நியாயமானது. கலப்பிரிவின்போது ஒத்த நிறமூர்த்தங்களின் புயங்களைக் குறித்த இடத்தில் வெட்டி மாற்றும் நொதியமொன்று மதுவத்தில் உண்டு. கொலிக், லிண்ட்குவிஸ்ட் ஆகியோர் 1989 இல் அதை ஈக்குக் கொண்டுவந்தனர். ஷூவும் ரூபினும் 1993 இல் அதைக்கொண்டு விகாரக் கலக்கூட்டங்களை ஆக்கும் முறையைச் செம்மைப்படுத்தினர். ஒரு விகாரப் பிரதியும் ஓர் இயல்பான பிரதியும் உடைய பல்லினநுக ஈயொன்றின் கலம் பிரியும்போது மகட்கலங்களில் ஒன்று இரு விகார எதிருருக்களையும், மற்றது இரு இயல்பான எதிருருக்களையும் பெறும். ஒரே செட்டையில் விகாரக் கூட்டமும் இயல்பான இரட்டைக் கூட்டமும் அருகருகே வளர்வதால் எது எவ்வளவு பெருகியது என்பதை நேரடியாக ஒப்பிடலாம். இந்த முறை இல்லாதிருந்தால் ஹிப்போ தொடர் இன்றும் இருட்டிலேயே இருந்திருக்கும்.

சத்துணவு குறைந்தால் உறுப்புகள் சிறுக்குமா?

சிறுக்கும், ஆனால் விகிதசமமாகச் சிறுக்கும். இதற்குப் பொறுப்பானது இன்சுலின் பாதை. ஈயின் மூளையில் பக்கத்துக்கு ஏழு வீதம் உள்ள நரம்புக்கலங்கள் இன்சுலினை ஒத்த பெப்தைட்டுகளைச் சுரக்கின்றன. 2002 இல் அக்கலங்களை அழித்துப் பார்த்தபோது ஈக்கள் குறுகி, வளர்ச்சி தாமதித்து, குருதிக்கு ஒப்பான திரவத்தில் வெல்லம் உயர்ந்து காணப்பட்டது. சலரோகத்தை அறிந்த எவருக்கும் இது புதிதாக இராது. இப்பாதையின் சிகோ என்னும் பரம்பரையலகை இழந்த ஈ, இயல்பான ஈயின் நிறையில் பாதியும் இல்லாதது. அதன் கலங்கள் சிறியன, எண்ணிக்கையிலும் குறைந்தன. ஹிப்போ கலங்களின் எண்ணிக்கையை மாற்றுகிறது. இன்சுலின் பாதையோ பருமனையும் எண்ணிக்கையையும் சேர்த்து மாற்றுகிறது.

குடம்பியின் கொழுப்பிழையம் அமினோ அமிலங்களின் வரத்தை ரோர் என்னும் கைனேசின் வழியே உணர்ந்து மூளைக்கு அறிவிக்கிறது. புரதம் குறைந்த உணவில் மூளை இன்சுலினை வெளிவிடாமல் தேக்கி வைத்துக்கொள்ளும்.

காயப்பட்ட தட்டுக்காக மற்ற உறுப்புகள் காத்திருக்குமா?

காத்திருக்கும். குடம்பி ஒரு குறித்த நிறையைத் தாண்டியதும் முன்மார்புச் சுரப்பி எக்டைசோன் என்னும் ஸ்ரெரொயிட் ஓமோனைச் சுரக்க, வளர்ச்சி முடிந்து கூட்டுப்புழுப் பருவம் தொடங்குகிறது. அந்த நிறையைத் தாண்டிய பின் பட்டினி கிடந்த குடம்பி சிறிய ஈயாகவேனும் மாறிவிடும்; தாண்டுமுன் பட்டினி கிடந்தது காத்திருக்கும். ஒரு தட்டு கதிர்வீச்சால் சேதமுற்றால் அது டில்ப்-8 என்னும் பெப்தைட்டை வெளியிடுகிறது. அது எக்டைசோன் சுரப்பைத் தாமதப்படுத்திச் சேதத்தைச் சீர்செய்ய அவகாசம் தருகிறது. 2012 இல் கண்டறியப்பட்ட இந்தப் பெப்தைட்டை இழந்த ஈக்களில் இடச்செட்டைக்கும் வலச்செட்டைக்கும் இடையிலான அளவு வேறுபாடு கூடுதலாகக் காணப்படுவது என் கண்ணில் இதன் மிக நேர்த்தியான சான்று.

அயலில் இருக்கும் கலம் வலியதாயின் மெலிந்த கலத்துக்கு என்ன நேரும்?

அது அழிக்கப்படும். மினிட் எனப்படும் விகாரங்கள் இரைபோசோம் புரதங்களின் ஒரு பிரதியை இழந்தவை. அத்தகைய ஈ மெதுவாக வளர்ந்தாலும் நலமாகவே வாழும். மொராட்டாவும் ரிப்போலும் 1975 இல் காட்டியபடி, அதே மினிட் கலங்கள் இயல்பான கலங்களின் நடுவே இருந்தால் தட்டிலிருந்து மறைந்துவிடுகின்றன. செட்டையின் மொத்த அளவு மட்டும் மாறுவதில்லை. 2004 இல் இதன் மறுபக்கம் வெளிப்பட்டது: வளர்ச்சியைத் தூண்டும் மைக் என்னும் புரதத்தை மிகுதியாக ஆக்கும் கலங்கள், நலமான இயல்புக் கலங்களையே அழித்து அவற்றின் இடத்தைப் பிடித்தன. மனிதரின் பல புற்றுநோய்களிலும் மைக் மிகுந்து காணப்படுவது இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது.

இதற்கும் மனிதப் புற்றுநோய்க்கும் உண்மையில் தொடர்பு உண்டா, அல்லது ஆய்வாளர் நிதி பெறுவதற்காகச் சொல்வதா?

தொடர்பு உண்டு, ஆனால் எல்லை அறிந்து சொல்ல வேண்டும். எல்.ஜி.எல். என்னும் பரம்பரையலகை இழந்த குடம்பிகளில் மூளையும் தட்டுகளும் கட்டுக்கடங்காது பெருத்து, குடம்பி வீங்கி இறந்துவிடுகிறது. 1960களின் இறுதியில் எலிசபெத் கட்டெஃப், அந்த இழையத் துண்டை நலமான ஈயின் வயிற்றினுள் வைத்தபோது அது பரவி அந்த ஈயையும் கொன்றது. ஒரு பரம்பரையலகை இழப்பதாலேயே கட்டி உண்டாகலாம் என்பதற்கு விலங்குலகில் கிடைத்த தொடக்ககாலச் சான்றுகளில் இது ஒன்று.

ஹிப்போ தொடர் முலையூட்டிகளிலும் அப்படியே இருக்கிறது. யோர்க்கியின் இடத்தில் யாப் (YAP), ராஸ் (TAZ) என்னும் இரு புரதங்கள் நிற்கின்றன. 2007 இல் எலியின் ஈரலில் யாப்பை மிகுவித்தபோது ஈரல் சில வாரங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானது. மிகுவிப்பை நிறுத்தியதும் பழைய அளவுக்குத் திரும்பியது. நீண்டகாலம் தொடரவிட்டால் கட்டிகள் தோன்றின. மேர்லினின் மனித வடிவத்தை இழந்தோருக்கு நரம்புகளில் கட்டிகளைத் தோற்றுவிக்கும் பரம்பரை நோயொன்று உண்டாகிறது. யாப் தன் துணைப்புரதத்துடன் சேர்வதைத் தடுக்கும் மருந்துகள் இப்போது நோயாளரில் சோதிக்கப்பட்டு வருகின்றன. ஆனால் எமது மாவட்டத்தில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவருக்கு இந்தப் பக்கத்தால் உடனடிப் பயன் எதுவும் இல்லை. வைத்தியர் சொல்லும் சிகிச்சையை இதைப் படித்துவிட்டு எவரும் மாற்றக்கூடாது.

இவை உயர்தரப் பரீட்சைக்குத் தேவையா?

வினாத்தாளை மட்டும் குறியாகக் கொண்டால், கலப்பிரிவும் மெண்டலின் விதிகளும் போதும். பல்கலைக்கழகத்தில் உயிரியலோ விவசாயமோ கற்க எண்ணுவோருக்கு மேலே சொன்னவை பின்னர் உதவும்.

விகார ஈக்கள் இல்லாமல் வன்னிப் பாடசாலையொன்றில் எதையாவது செய்து பார்க்க முடியுமா?

முடியும், அதுவும் செலவின்றி. வாய் அகன்ற ஜாம் போத்தலில் கனிந்த கதலிப் பழத்தைப் பிசைந்து வைத்து, மேலே சிறிதளவு பாண் மதுவம் தூவி, ஈக்கள் வந்து முட்டையிட்டபின் அவற்றைத் துரத்திவிட்டுத் துணியால் வாயைக் கட்டவேண்டும். எமது பிரச்சினை வெயில்தான். 30 பாகைக்கு மேல் வளரும் ஆண் ஈக்கள் மலடாகிவிடுகின்றன. சித்திரை முதல் புரட்டாதி வரை பகலில் அந்த எல்லை எளிதாகத் தாண்டப்படுகிறது. மண்பானைக்குள் ஈரமணல் இட்டுப் போத்தலைப் புதைத்து நிழலில் வைப்பது ஓரளவு பயன்தரும். மார்கழி, தை மாதங்கள் இதற்கு மிக உகந்தவை.

முதற்பரிசோதனையாக ஒரு போத்தலில் சில குடம்பிகளையும், அதேயளவு உணவுள்ள இன்னொன்றில் மிக அதிகமான குடம்பிகளையும் வளர்க்கலாம். நெருக்கத்தில் வளர்ந்தவை சிறிய ஈக்களாக வெளிவரும். ஈதர் வேண்டாம், அது தீப்பற்றக்கூடியது. மீன்பெட்டிக்குப் போடும் ஐஸ்கட்டியின்மேல் போத்தலைச் சில நிமிடம் வைத்தால் ஈக்கள் மயங்கும். ஒரே பாலைச் சேர்ந்த ஈக்களின் செட்டையைக் கழற்றி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீருடன் பரப்பிப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். செட்டையின் பரப்பெங்கும் நுண்மயிர்கள் ஒரே திசையில் சாய்ந்து நிற்பதைக் காணலாம். ஒவ்வொரு கலமும் ஒரேயொரு மயிரையே தோற்றுவிப்பதால், மயிரை எண்ணுவது கலத்தை எண்ணுவதேயாகும். இரு நரம்புகளுக்கிடையே ஒரே இடத்தில், ஒரே உருப்பெருக்கத்தில் எண்ணிப் பார்த்தால், சிறிய செட்டை சிறுத்தது கலங்கள் குறுகியதாலா, எண்ணிக்கை குறைந்ததாலா என்பதை மாணவரே தீர்மானிக்கலாம். குளிர்ந்த இடத்தில் வளர்ந்த ஈக்களின் செட்டை பெரிதாகவும் மயிர்கள் சற்று விலகியும் இருக்கும். அங்கே பெருத்தது பெரும்பாலும் கலமே.

பரிசோதனை முடிந்தபின் ஈக்களை வெளியே விடலாமா?

இவ்விடத்தில் பிடித்த ஈக்களாயின் விடலாம். அவை கடிப்பதில்லை, நல்ல காயைக் கெடுப்பதும் இல்லை. வெளிநாட்டுத் தொகுதிகளிலிருந்து பல்கலைக்கழகங்கள் அனுமதி பெற்றுத் தருவிக்கும் விகார ஈக்களாயின் ஒன்றைக்கூட வெளியே விடக்கூடாது. போத்தலை ஒரு நாள் முழுதும் உறைபெட்டியில் வைத்துக் குடம்பிகளும் இறந்துவிட்டதை உறுதிசெய்தபின் கழுவவேண்டும்.